ரோபோட்டிக்ஸ் துறையின் முன்னோடி அல்-ஜஸரீ

உளூச் செய்யும்போது பணியாளர் நின்று கையில் நீர் ஊற்றுவது அந்த மன்னருக்குப் பிடிக்கவில்லை. அதற்கு ஒரு கருவி செய்து தரும்படி அரண்மனைப் பொறியாளரிடம் கேட்டார். அவர் செய்து கொடுத்தது, கூஜாவிலிருந்து தானே நீர் ஊற்றும் ஒரு பதுமை.

மன்னர், அர்துகீ வம்சத்து நாஸிருத்தீன் மஹ்மூத். பொறியாளர், பதீஉஸ் ஸமான் இஸ்மாயீல் அல்-ஜஸரீ. இன்று பல்கலைக்கழகங்களில் ரோபோட்டிக்ஸ் படிக்கும் மாணவர்கள் அத்துறையின் வரலாற்றைப் புரட்டினால், தொடக்கத்திலேயே சந்திக்கும் பெயர்களில் ஒன்று இவருடையது.

டைக்ரிஸ், யூப்ரடீஸ் நதிகளுக்கு இடைப்பட்ட வட பகுதியை அரபிகள் அல்-ஜஸீரா என்பர். அந்த மண்ணின் பெயரே இவருக்கு அடையாளமானது. இன்றைய துருக்கியிலுள்ள தியார்பக்கிர் நகரில், மஹ்மூதின் தந்தை, சகோதரர் காலம் தொட்டே அரண்மனையில் பணியாற்றினார். அவர் செய்தவை அழிந்து போகக் கூடாது என்று எண்ணிய மன்னர், அவற்றை நூலாக எழுதப் பணித்தார். 1206-ல் நூல் நிறைவுற்றது. 50 கருவிகள், ஆறு பிரிவுகள். கடிகாரங்கள், நீரூற்றுகள், உளூவுக்கான பாத்திரங்கள், தண்ணீர் இறைக்கும் எந்திரங்கள் எல்லாம் அதில் உண்டு.

அவற்றுள் ஒன்று மயில் வடிவக் கைகழுவும் தொட்டி. மயிலின் அலகிலிருந்து நீர் கொட்டும். கழுவிய நீர் கீழே சேரச் சேர உள்ளே ஒரு மிதவை உயரும். உடனே கதவு திறந்து ஒரு பதுமை சோப்புத் தூளுடன் வெளிவரும். நீர் இன்னும் உயர்ந்தால் இரண்டாவது மிதவை அசையும். மற்றொரு பதுமை துண்டை நீட்டும். சூழலை உணர்வது, அதற்கேற்பத் தானே இயங்குவது: ரோபோட்டிக்ஸ் மாணவர் முதலில் கற்கும் பாடமும் இதுதான். இன்று சென்சாரும் மோட்டாரும் செய்வதை அன்று மிதவையும் கம்பியும் செய்தன.

பாக்தாதின் பனூ மூஸா சகோதரர்கள் போன்ற முன்னோரின் நூல்களை அல்-ஜஸரீ நன்கு படித்திருந்தார். ஆனால் படித்ததோடு நிற்கவில்லை. செய்து பார்த்துச் சோதிக்காத தொழிலறிவு சரிக்கும் தவறுக்கும் நடுவே ஊசலாடும் என்பது அவர் கருத்து. காகிதத்தில் மாதிரி செய்து பார்த்தார். நீர் சொட்டும் துளைகளைத் திரும்பத் திரும்ப அளந்து சரிசெய்தார். மரம் வளையாமல் இருக்கப் பலகைகளை அடுக்கி ஒட்டினார்.

பிறர் பார்த்துச் செய்யும்படி ஒவ்வொரு உறுப்பின் அளவையும் படத்தையும் மறைக்காமல் கொடுத்ததே அவருடைய பெரிய கொடை. அக்காலத்துக் கைவினைஞர்கள் பலர் தொழில் நுணுக்கத்தை வெளியே சொல்வதில்லை.

நூல் முடிந்த ஆண்டிலேயே அவர் மறைந்ததாக அறியப்படுகிறது. 1974-ல் டொனால்ட் ஹில் அந்நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1976-ல் லண்டனில் நடந்த இஸ்லாமிய உலக விழாவுக்காக, நூலில் உள்ளபடியே அவருடைய பெரிய நீர்க்கடிகாரத்தைச் செய்தார்கள். 770 ஆண்டுகளுக்குப் பின் அது ஓடியது.

வீட்டில் பழைய பொம்மையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், இவரை நினைத்துக்கொள்வோம். பிரித்ததை மீண்டும் மாட்டச் சொல்லுங்கள். எப்படி மாட்டினான் என்பதை ஒரு நோட்டில் எழுதவும் சொல்லுங்கள். அல்-ஜஸரீ செய்தது அதைத்தான்.