ஏரி கட்டிய கலெக்டர்

தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை வந்தால் போதும். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இரவு ஷிப்ட் முடித்து வரும் இளைஞர்கள் பையும் கையுமாக வேனில் ஏறிவிடுகிறார்கள். எங்கே பயணம்? பெரும்பாலும் ஊட்டிக்குத்தான்!

ஏறக்குறைய 500 கிலோ மீட்டர் பயணம். விடியற்காலையில் மேட்டுப்பாளையம். அதன் பிறகு வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. ஜன்னல் வழியே குளிர் காற்று முகத்தில் அடிக்கும்போது, இயந்திரச் சத்தம் காதைவிட்டு மெல்ல அகல்கிறது. மேலே போய்ச் சேர்ந்ததும் முதலில் அவர்கள் தேடுவது ஏரியைத்தான். படகில் ஏறித் துடுப்புப் போடாமல் ஊட்டியைப் பார்த்துவிட்டு வந்தவர் யார்?

அந்த ஏரி இயற்கை தந்தது அல்ல. ஒரு மனிதர் கட்டியது. அவர் ஒரு ஜில்லா கலெக்டர். பெயர் ஜான் சல்லிவன்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நீலகிரிக்கு ஏறுவதற்கு முன்பு, 1814-ல், அவர் செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டராக இருந்தார். ஸ்ரீபெரும்புதூர் அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. ஊருக்கு ஊர் ஏரி இருப்பதால் ஏரி மாவட்டம் என்றே பெயர் பெற்ற பூமி அது. ஏரி மாவட்டத்தில் அதிகாரம் செய்தவர், பிறகு மலையுச்சியில் ஓர் ஏரியைக் கட்டினார்!

பதினாறு வயதில் உத்தியோகம்

சல்லிவன் 1788 ஜூன் 15-ந் தேதி பிறந்தவர். 1804-ல் கிழக்கிந்தியக் கம்பெனியில் ரைட்டர் என்ற கடைசிப்படி உத்தியோகத்தில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு! மீசை அரும்பும் முன்பே கடல் கடந்து வந்த அந்தப் பையன், படிப்படியாக மேலே ஏறினான். தென்னாற்காட்டில் வேலை பார்த்தான். மைசூரில் வேலை பார்த்தான். செங்கல்பட்டில் கலெக்டரான அடுத்த ஆண்டே, 1815-ல், கோயமுத்தூர் ஜில்லாவுக்கு நிரந்தரக் கலெக்டர் ஆனார் சல்லிவன்.

கோயமுத்தூர் மைதானத்தில் நின்று வடமேற்கே பார்த்தால், சுவர் போல் ஒரு நீல மலை. வரிக் கணக்கில் அதுவும் அவருடைய ஜில்லாவில் சேர்ந்ததுதான். ஆனால் அதன் மேலே என்ன இருக்கிறது என்பது கம்பெனி அதிகாரிகளுக்குச் சரியாகத் தெரியாது.

மலைமேல் மனிதர் இல்லாமல் இல்லை. தோடர்கள் எருமை மேய்த்தார்கள். படுகர்கள் உழுதார்கள். கோத்தர்கள் இரும்படித்தார்கள், பானை வனைந்தார்கள். குறும்பர்களும் இருளர்களும் காடுகளில் வாழ்ந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அது சொந்த வீடு. கீழே இருந்த வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான் அது புதிர்! 1603-லேயே பெனீசியோ என்ற பாதிரியார் மலபார்ப் பக்கமிருந்து ஏறித் தோடர்களைக் கண்டு திரும்பினார். 1812-ல் கீஸ், மக்மஹோன் என்ற நில அளவையாளர்கள் இருவர் ஏறி இறங்கினார்கள். அவர்கள் எழுதி வைத்தது அலுவலகக் கட்டுகளில் தூங்கியது.

கடத்தல்காரன் காட்டிய வழி

1818-ல் சல்லிவனின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி என்ற இருவர் மலை ஏறினார்கள். புகையிலை கடத்திய ஒருவனைத் துரத்திக்கொண்டு போனார்கள் என்று ஒரு கதை உண்டு. கடத்தல்காரன் அகப்பட்டானோ இல்லையோ, ஒரு தேசமே அகப்பட்டது! கோடைக் காலத்திலும் கம்பளி தேவைப்படும் குளிரையும், பச்சைப் புல் மூடிய மேடுகளையும் பற்றி அவர்கள் கீழே வந்து சொன்னபோது, கேட்டவர்களில் பலர் நம்பவில்லை.

சல்லிவன் தாமே போய்ப் பார்க்க முடிவு செய்தார். 1819 ஜனவரியில் புறப்பட்டார். பாதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. செங்குத்தான சரிவு; அடர்ந்த காடு; அடிவாரத்தில் ஆளைக் கொல்லும் காட்டுக் காய்ச்சல். இவற்றைத் தாண்டிக் கோத்தகிரிக்கு அருகே திம்பட்டிப் பள்ளத்தாக்கை அடைந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது.

அந்தக் குளிருக்குக் காரணம் எளிது. ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 2 டிகிரி செண்டிகிரேட் குறையும். ஊட்டி இருப்பதோ 7,300 அடிக்கு மேல். கீழே வியர்வை வழியும் நாளில் மேலே அடுப்பு மூட்ட வேண்டியிருக்கும். அந்த ஆண்டிலேயே லெஷனோ என்ற பிரெஞ்சு இயற்கை விஞ்ஞானி நோயால் நலிந்த உடம்போடு மலைக்கு வந்து, தேறித் திரும்பினார். இது சல்லிவனின் மனத்தில் ஆழப் பதிந்தது.

அந்தக் காலத்தில் கம்பெனிக்காரர்கள் நோயுற்றால், உடம்பு தேறுவதற்காக ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வரை கப்பல் ஏறிப் போவார்கள். பல மாதப் பயணம். போகிற வழியிலேயே உயிர் போனவர்களும் உண்டு. கையெட்டும் தூரத்தில் இப்படி ஒரு மலை இருக்கும்போது கடல் தாண்டுவானேன் என்று எண்ணினார் சல்லிவன். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு ஓடையும் சோலையுமாக, இது ஐரோப்பாவின் சுவிட்சர்லாந்தை ஒத்த நாடு என்று தம் நண்பர் தாமஸ் மன்றோவுக்கு எழுதினார். அந்த மன்றோ 1820-ல் சென்னைக் கவர்னராக வந்தார். சல்லிவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்!

கல் பங்களா

பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்குப் பாதை போடப்பட்டது. 1823-ல் அது முடிந்தது. திம்பட்டிக்கு அருகே கன்னேரிமுக்கில் சல்லிவன் ஒரு பங்களா கட்டினார். நீலகிரியில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு அது.

1820-ல் அவர் ஹென்ரியட்டா என்ற பெண்ணை மணந்திருந்தார். மலைமேல் குடியேறிய முதல் ஐரோப்பியப் பெண்மணி அவரே.

ஆனால் சல்லிவனின் மனம் திம்பட்டியோடு நிற்கவில்லை. இன்னும் உயரே, தோடர் மந்து ஒன்று இருந்த பள்ளத்தாக்குக்குச் சென்றது. மந்து என்றால் தோடர் குடியிருப்பு. ஒற்றைக்கல் மந்து என்பதே உதகமண்டலம் ஆயிற்று என்று பெயருக்கு ஒரு விளக்கம் உண்டு. அங்கே தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் நிலம் வாங்கி, ஒரு வீடு எழுப்பினார். கல்லால் கட்டிய வீடு ஆதலால் மலைவாசிகள் அதைக் கல் பங்களா என்றார்கள். ஊட்டி நகரம் அந்த ஒரு வீட்டிலிருந்து தொடங்கியது. அந்த இடம் பிற்காலத்தில் அரசு கலைக் கல்லூரி வளாகம் ஆயிற்று.

வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, சீமைப் பழ மரங்கள், ஓக் மரம் எல்லாம் வைத்துப் பார்த்தார். நம் வீட்டுச் சாம்பாரில் விழுகிற ஊட்டி உருளைக்கிழங்குக்கும் ஊட்டிக் காரட்டுக்கும் அந்தத் தோட்டம்தான் ஆரம்பப் பாடசாலை!

ஓடைகள் சேர்ந்த கதை

அடுத்தது ஏரி. பள்ளத்தாக்கின் அடியில் பல ஓடைகள் ஓடி வந்து சேரும் இடத்தைச் சல்லிவன் கண்டார். குறுக்கே கரை போட்டால் நீர் தேங்கும். செங்கல்பட்டுச் சீமையில் நம் முன்னோர்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கையாண்ட அதே முறைதான். 1823-ல் தொடங்கிய வேலை 1825-ல் முடிந்தது. மலைமேல் வானம் ஒரு கண்ணாடியில் முகம் பார்த்தது!

ஏரி வந்ததும் ஊரின் முகமே மாறியது. நோயாளிகள் மட்டும் வந்த இடத்துக்கு உல்லாசப் பிரயாணிகளும் வந்தார்கள். ஏரிக்கரையைச் சுற்றி நடை, குதிரைச் சவாரி, படகு, மீன் பிடித்தல் எல்லாம் வழக்கத்துக்கு வந்தன. 1826-ல் கவர்னர் மன்றோவே மலை ஏறி வந்து சல்லிவனின் விருந்தாளியாகத் தங்கினார். பிற்காலத்தில் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் 1863-ல் கொடைக்கானலில் ஏரி அமைத்ததும் ஏறக்குறைய இதே முறையில்தான். மலை ஊர் என்றால் நடுவில் ஏரி, ஏரியில் படகு என்று நம் மனத்தில் பதிந்துவிட்ட சித்திரத்தை முதலில் தீட்டியவர் சல்லிவன்.

நிலம் யாருடையது?

ஒருவர் இவ்வளவு செய்தால் பொறாமை வராமல் இருக்குமா? மலையில் சல்லிவனே நிறைய நிலம் வைத்திருக்கிறார் என்று முணுமுணுப்பு எழுந்தது. அதில் உண்மையும் இருந்தது. கலெக்டராகவும் நிலக்காரராகவும் ஒருவரே இருப்பது முறையா என்று இன்று நாமும் கேட்கலாம். ஏக்கர் ஒரு ரூபாய் என்பது தோடர்களுக்கு நியாயமான விலையா என்றும் கேட்கலாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் தம் காலத்து அதிகாரிகளிலிருந்து வேறுபட்டு நின்றார். மலை நிலம் தோடர்களுக்குச் சொந்தம். கம்பெனியே ஆனாலும் எடுத்துக்கொண்டால் ஈடு கொடுத்தாக வேண்டும் என்பது அவருடைய வாதம். எதிர்த்தரப்போ, தோடர்களுக்கு மேய்க்கும் உரிமை உண்டே தவிர நிலம் சர்க்காருடையது என்றது. எழுதப் படிக்கத் தெரியாத மேய்ப்பர்களுக்காகக் கலெக்டர் ஒருவர் தம் மேலதிகாரிகளோடு காகிதத்தில் சண்டை போட்டது, அந்த நாளில் சாதாரணக் காரியம் அல்ல.

1827-ல் மன்றோ காலரா கண்டு இறந்தார். புதிய கவர்னர் லஷிங்டன் வந்தார். அவருக்கும் ஊட்டி பிடித்திருந்தது, சல்லிவனைத்தான் பிடிக்கவில்லை! ஊட்டி ராணுவத்தாரின் ஆரோக்கிய ஸ்தலமாக்கப்பட்டு, ராணுவ அதிகாரி ஒருவரின் பொறுப்பில் விடப்பட்டது. 1830-ல் ஊட்டி அடங்கிய மேற்குப் பகுதியையே கோயமுத்தூரிலிருந்து பிரித்து மலபாருடன் சேர்த்தார்கள். தாம் கட்டிய ஊர் தம் ஜில்லாவிலேயே இல்லை! அந்த ஆண்டில் சல்லிவன் பதவியை விட்டுச் சீமைக்குத் திரும்பினார். மலபாரோடு போன பகுதி 1843-ல்தான் கோயமுத்தூருக்குத் திரும்பி வந்தது.

இரண்டு கல்லறைகள்

1835-ல் சல்லிவன் மறுபடியும் இந்தியா வந்தார். ரெவின்யூ போர்டில் பெரிய பதவி. பிறகு கவர்னரின் ஆலோசனைச் சபையில் இடம். அதிகாரம் திரும்பியது. ஆனால் வாழ்க்கை அவரை வேறு இடத்தில் அடித்தது. 1838-ல் மனைவி ஹென்ரியட்டா இறந்தார். மகளையும் அவர் பறிகொடுத்தார். இருவரும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். பிறருடைய உடம்பு தேறுவதற்காக ஊரை உண்டாக்கியவர், தம் குடும்பத்தை அதே மண்ணில் புதைத்துவிட்டுத் தனியாக இறங்கினார்.

1841-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். அங்கும் சும்மா இருக்கவில்லை. இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்கு உறிஞ்சப்படுகிறது, இந்தியர்களுக்கு உயர்ந்த உத்தியோகங்கள் தரவேண்டும் என்று வாதாடினார். சுதேச சமஸ்தானங்களைக் கம்பெனி விழுங்குவதைக் கண்டித்து 1853-ல் நூல் வெளியிட்டார். 1855 ஜனவரி 16-ந் தேதி காலமானார். லண்டனுக்கு அருகே அப்டன் என்ற இடத்தில் உள்ள செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வானியல் மேதை ஹெர்ஷல் அடக்கமான அதே தேவாலயம்!

இங்கே மனைவியும் மகளும்; ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் அவர். நீலகிரியின் சரித்திரத்தில் பற்றுக்கொண்டவர்கள் தேடிப் போய்க் கண்டுபிடிக்கும் வரை, அந்தக் கல்லறையை நம்மவர்கள் அறியவில்லை.

சுருங்கிய ஏரி

சல்லிவனுக்குப் பிறகு ஊட்டி வளர்ந்தது. 1848-ல் தாவரவியல் பூங்கா தொடங்கியது. 1868-ல் நீலகிரி தனி ஜில்லா ஆயிற்று. 1908-ல் மலை ரயில் ஊட்டியைத் தொட்டது. ஊர் பெருகப் பெருக ஏரி சுருங்கியது. அன்று நீர் நின்ற இடத்தில் பிறகு குதிரைப் பந்தய மைதானம் வந்தது. பஸ் நிலையமும் வந்தது. ஓடைகள் கொண்டுவந்த தெளிந்த நீரோடு, கோடப்பமந்து கால்வாய் வழியே நகரத்தின் கழிவும் ஏரியில் கலக்கத் தொடங்கியது. வாகன நெரிசல் தாங்காமல், ஐகோர்ட் உத்தரவின்படி 2024 மே மாதத்தில் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது.

நன்றி கெட்டவர்கள் என்ற பெயர் நமக்கு வரவில்லை. கன்னேரிமுக்கு பங்களா சீர் செய்யப்பட்டு நினைவகம் ஆயிற்று. ஊட்டியின் இருநூறாவது ஆண்டையொட்டி 2022 மே மாதத்தில் ஊட்டியில் சல்லிவனுக்குச் சிலையும் திறக்கப்பட்டது.

ஆனாலும் சிலைக்கு மாலை போடுவதைவிடப் பெரிய மரியாதை ஒன்று இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்தோ ஒரகடத்திலிருந்தோ வேன் ஏறிப் போகும் தம்பி, படகுத் துறையில் இறங்கும்போது, கையிலுள்ள பிளாஸ்டிக் பையை ஏரியில் எறியாமல் திருப்பி எடுத்துக்கொண்டு வரட்டும். ஏரி என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் புறப்பட்ட ஊரே ஏரிகளின் ஊர். அந்த ஊரின் கலெக்டராக ஒரு காலத்தில் இருந்தவர் விட்டுப் போன சொத்துத்தான், மலைமேல் இருக்கும் அந்தத் தண்ணீர்.