எண்ணிப் பார்த்த துறவி

அமெரிக்காவில் பாம்புகளைச் செல்லப்பிராணியாக வளர்ப்போரின் சந்தையில் ஒரு விந்தை உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பந்து மலைப்பாம்பின் இரு குட்டிகள். இரண்டும் ஒரே பழுப்பு நிறம். ஆயினும் ஒன்றுக்கு விலை கூடுதல். கருநிறமி அற்ற, மஞ்சளும் வெள்ளையுமான குட்டிகளைத் தரவல்ல பண்பு அதனுள் மறைந்திருக்க 66 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்கிறார் விற்பவர். கண்ணுக்குத் தெரியாத சரக்குக்கு விலை வைக்கும் இந்தக் கணக்கு, ஒரு கத்தோலிக்கத் துறவியின் பட்டாணித் தோட்டத்தில் பிறந்தது.

கிரிகோர் மெண்டல் 1822-இல், இன்று செக் குடியரசில் அடங்கும் சைலீசியச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை விபத்தில் முடங்கியபோது, தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்கு விட்டுக்கொடுத்தார். அறிவியல் வரலாற்றில் இதைவிடப் பலன் தந்த முதலீட்டை நான் அறியேன். 1843-இல் ப்ரூன் நகர மடாலயத்தில் அவர் சேர்ந்ததற்கும் வறுமை ஒரு காரணம். ஆசிரியர் தகுதித் தேர்வை இருமுறை எழுதியும் தேறவில்லை.

1856-இல் பட்டாணி ஆய்வைத் தொடங்கினார். மஞ்சள் விதைச் செடியையும் பச்சை விதைச் செடியையும் கலந்தபோது கிடைத்தவை அனைத்தும் மஞ்சள். அவற்றின் அடுத்த தலைமுறையில் 6,022 மஞ்சள், 2,001 பச்சை. காணாமற்போன பச்சை சிறிதும் மங்காமல் மீண்டது. இத்தகைய பண்பையே ஒடுங்குபண்பு என்கிறோம்.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்கு ஒன்றிலேயே நின்றுவிடுகின்றன. மெண்டல் நிற்கவில்லை. அந்த மஞ்சள் விதைகளிலிருந்து 519 செடிகளை வளர்த்தார். 166 செடிகள் மஞ்சள் விதை மட்டுமே தந்தன; 353 செடிகளில் பச்சையும் கலந்து வந்தது. தோற்றத்தில் ஒன்றான மூன்றில், ஒன்று தூயது, இரண்டு பச்சையைச் சுமப்பவை. பாம்பு வணிகரின் 66 விழுக்காடு இதுவே. மறைபண்பைச் சுமக்கும் இரு பாம்புகளை இணைத்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி வெளிறிப் பிறக்கும். எஞ்சிய மூன்றில் இரண்டு அப்பண்பைச் சுமக்கும். எந்த இரண்டு என்பதை முன்பு மெண்டலைப் போலவே அடுத்த தலைமுறைவரை காத்திருந்துதான் அறிய வேண்டியிருந்தது.

1865-இல் ப்ரூன் நகரில் இருமுறை உரையாற்றினார்; கட்டுரை மறு ஆண்டு அச்சேறியது. மூனிக் பேராசிரியர் நேகெலிக்கு அனுப்பினார், அவர் ஐயுற்றார். நேகெலிக்கு விருப்பமான ஹைராசியம் செடியிலும் மெண்டல் உழைத்துப் பார்த்தார், கணக்கு ஒத்துவரவில்லை. அச்செடி பெரும்பாலும் கருவுறாமலே விதை தருவது என்பது அன்று யாருக்கும் தெரியாது.

1868-இல் மடாலயத் தலைவரானார். 1874-இல் மடாலயச் சொத்துகள்மீது அரசு புதிய வரி விதித்தது. செலுத்த மறுத்து இறுதிவரை போராடினார். நியாயம் அரசின் பக்கமே இருந்தது என்பது என் எண்ணம், மனிதர் வளைந்துகொடுக்கவில்லை. தங்கையின் கடனை மட்டும் அவர் மறக்கவில்லை: அவருடைய மூன்று மகன்களின் படிப்புக்கு உதவினார்; இருவர் மருத்துவராயினர்.

1884 ஜனவரி 6-இல் மெண்டல் மறைந்தார். அதே ஆண்டு வெளிவந்த நேகெலியின் பெருநூலில் அவர் பெயரே இல்லை. 1900-இல் அவருடைய விதியை மீண்டும் கண்டறிந்து உலகறியச் செய்தவர்களுள் கோரன்ஸ் ஒருவர். அவர் நேகெலியின் மாணவர்.