எல்லைக்கோட்டில் பிறந்தவர்

வாசற்படியைத் தாண்டாமலே ஒருவன் நாடு மாற முடியுமா? முடியாது என்றுதான் நாம் சொல்வோம். லொரேன் மண்ணில் வாழ்ந்த கிழவர் எவரையேனும் கேட்டிருந்தால், முடியும் என்று சொல்லியிருப்பார். 1871-இல் பிரான்சு போரில் தோற்றது. வென்ற ஜெர்மனி அல்சேசையும் லொரேனின் ஒரு பகுதியையும் பறித்துக்கொண்டது. 1918-இல் ஜெர்மனி தோற்றது. மண் பிரான்சுக்குத் திரும்பியது. 1940-இல் இட்லரின் படை வந்தது, மீண்டும் ஜெர்மனி. அந்தப் படை விரட்டப்பட்டதும் மீண்டும் பிரான்சு. முக்கால் நூற்றாண்டுக்குள் நான்கு முறை கொடி மாறிற்று! உழுதவன் அதே வயலில் உழுதான். சுரங்கத்தில் இறங்கியவன் அதே சுரங்கத்தில் இறங்கினான். அவன் பிள்ளை எந்த மொழியில் படிக்க வேண்டும், எந்தப் படையில் சேர்ந்து யாரைச் சுட வேண்டும் என்பது மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

அந்த மண்ணோடு பிணைந்த ஒருவரின் வாழ்க்கையை இன்று நாம் நினைத்துப் பார்க்கிறோம். ராபர்ட் ஷூமான் அவர் பெயர். அவர் மறைந்து அறுபதாண்டுகளுக்கு மேலாகிறது. நம் இயக்கத்தவர் அல்லர். தொழிலாளர் தலைவரும் அல்லர். ஆயினும், அண்டை நாடுகள் எல்லையை எப்படிக் காப்பது, வாணிபத்தை எப்படி வளர்ப்பது என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்த மனிதரின் வாழ்க்கையைத் தொடாமல் மேலே செல்ல முடியாது.

அவர் தந்தை பிறந்த ஊர் எவ்ராஞ்ச். லக்சம்பர்க் எல்லையை ஒட்டிய லொரேன் சிற்றூர். பிரெஞ்சுக்காரராகப் பிறந்த தந்தை, 1871-க்குப் பிறகு ஜெர்மன் குடிமகன் ஆனார். தாய் லக்சம்பர்க்கைச் சேர்ந்தவர். 1886 ஜூன் 29-இல் லக்சம்பர்க் நகரை அடுத்த கிளாசனில் ராபர்ட் பிறந்தார். பிறந்தது ஒரு நாட்டில். குடியுரிமை இன்னொரு நாட்டில். குடும்பத்தின் வேர் மூன்றாவது நாட்டில்! வீட்டில் பேசியது லக்சம்பர்க் மொழி. பள்ளியில் ஜெர்மனும் பிரெஞ்சும். பதினான்கு வயதில் தந்தையை இழந்தார். சட்டம் படித்து முடிக்கும் காலத்தில், 1911-இல், தாயையும் ஒரு விபத்தில் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டு மெட்ஸ் நகரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. புத்தகங்களும் தேவாலயமும் எளிய வீடுமே அவர் துணை.

1914-இல் போர் மூண்டது. உடல்நலக் குறைவு காரணமாக அவரைப் போர்முனைக்கு அனுப்பவில்லை. அலுவலகப் பணியில் வைத்தார்கள். போர் முடிந்ததும் மெட்ஸ் பிரான்சின் நகரமாயிற்று. ஷூமானும் பிரெஞ்சுக் குடிமகன் ஆனார். 1919-இல் மோசெல் பகுதி மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெர்மன் ஆட்சிக் காலத்தில் அம்மக்கள் பெற்றிருந்த சட்ட உரிமைகளும் தொழிலாளர் காப்பீடும் பிரெஞ்சுச் சட்டத்தோடு மோதாமல் இணைய வேண்டும். அந்தச் சிக்கலான வேலையில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். இரண்டு நாட்டுச் சட்டங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பொருத்திப் பழகிய கை அது. பின்னாளில் அவர் செய்த பெருவேலைக்குப் பயிற்சி இங்கேதான் கிடைத்தது என்று நாம் கருதுகிறோம்.

1940 வந்தது. ஆறு வாரங்களில் பிரான்சு வீழ்ந்தது. அவ்வாண்டு ஜூலை 10-இல் கிழவர் பெத்தேனிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைத்த வாக்கெடுப்பில் ஷூமானும் கை கொடுத்தார். இது அவர் வாழ்வில் விழுந்த கறை. இதை மறைத்து அவரைப் புகழ நாம் விரும்பவில்லை. பிறகு அவர் மெட்சுக்குத் திரும்பினார். செப்டம்பரில் கெஸ்டபோ அவரைக் கைது செய்தது. ஏழு மாதம் சிறை. அதன் பிறகு ஜெர்மனியின் நாய்ஸ்டாட் ஊரில் காவலோடு வாழ்க்கை. 1942 ஆகஸ்டில் அங்கிருந்து தப்பினார். விடுதலை நாள்வரை மடங்களிலும் நண்பர் வீடுகளிலும் மறைந்து வாழ்ந்தார். இன்னொருவராக இருந்தால் ஜெர்மானியனைக் கண்டாலே பகை கொண்டு திரிந்திருப்பார். இவரோ, இந்தப் பகையைப் பேரனும் சுமக்கலாமா என்று எண்ணத் தலைப்பட்டார்.

போருக்குப் பின் நிதி அமைச்சர், பிரதமர், வெளிநாட்டு அமைச்சர் என்று பதவிகள் வந்தன. 1947 நவம்பரில் அவர் பிரதமரானபோது பிரான்சு முழுவதும் வேலைநிறுத்தம். சுரங்கத் தொழிலாளர், ரயில்வே தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் எனப் பெருந்திரள் எழுந்து நின்றது. விலைவாசி ஏறிக் கூலி போதாத காலம் அது. ஷூமான் அரசு என்ன செய்தது? சேமப்படையினரைத் திரட்டியது. வேலை செய்யும் சுதந்திரத்தைக் காப்பதாகச் சொல்லிச் சட்டம் போட்டது. தொழிலாளரின் எதிர்ப்பக்கத்தில்தான் அவர் நின்றார். அதையும் தோழர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1948 முதல் 1953 தொடக்கம் வரை அவர் வெளிநாட்டு அமைச்சர். அப்போது புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியின் கீழ்தான் இருந்தன. இந்தோசீனத்தில் பிரெஞ்சுப் படை விடுதலை கேட்டவர்களோடு போரிட்டுக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் எல்லைப் பகையை ஒழிக்க நினைத்தவர் அமர்ந்திருந்த அரசு, ஆசியாவில் அயலான் மண்ணைப் பிடித்த பிடியை விடவில்லை. புதுச்சேரி 1954 நவம்பர் 1-இல் நம்மோடு சேர்ந்தது, அவர் அந்தப் பதவியை விட்ட பிறகு. தம் வாசலில் கண்ட அநீதி பிறர் வாசலிலும் அநீதியே என்பதை அவர் அரசு உணர்ந்திருக்க வேண்டும். உணரவில்லை.

இத்தனை குறையும் உள்ளவரை நாம் ஏன் நினைக்க வேண்டும்? 1950 மே 9-ஆம் நாளுக்காக!

அதைப் புரிந்துகொள்ள எஃகாலையின் உலைக்குச் செல்வோம். எஃகுக்கு இரும்புக் கனிமம் வேண்டும், நிலக்கரி வேண்டும். லொரேனில் கனிமம் கொட்டிக் கிடக்கிறது. உலைக்கு ஏற்ற நல்ல கரி போதவில்லை. ஜெர்மனியின் ரூரில் கரி மலிந்து கிடக்கிறது. இடையே எல்லைக்கோடு. கோட்டின் இருபுறமும் சுங்கச் சாவடி. சொந்த நாட்டானுக்கு ஒரு விலை, அயல் நாட்டானுக்கு இன்னொரு விலை. ரயில் கட்டணத்தில் வேறொரு சூது. தூரம் கூடக்கூட மைலுக்குக் கட்டணம் குறைவது வழக்கம். எல்லையைத் தொட்டதும் கணக்கை முதலிலிருந்து தொடங்குவார்கள். ஒரே வண்டி, ஒரே கரி. கோட்டைக் கடந்ததற்காகக் கூடுதல் கூலி! இந்தக் கரிக்கும் எஃகுக்கும் உரிமை கேட்டுத்தான் பீரங்கிகள் முழங்கின. அந்தப் பீரங்கிகளை வார்த்ததும் அதே கரியும் எஃகும்தான்.

போருக்குப் பின் ரூரின் மீது வென்ற நாடுகளின் கட்டுப்பாடு. சார் பகுதி பிரான்சின் பிடியில். ஜெர்மனி மீண்டும் எழ வேண்டும் என்று அமெரிக்கா நெருக்கியது. எழுந்தால் மறுபடி படையெடுக்குமோ என்று பிரான்சு அஞ்சியது. என்றைக்கும் அழுத்தி வைத்தால் பகை புகையும். விட்டுவிட்டால் பயம் தீராது. வழி என்ன? பிரெஞ்சுத் திட்டக்குழுவின் தலைவர் ழான் மோனே ஒரு வரைவை எழுதினார். ஏப்ரல் இறுதியில் அது ஷூமானின் கைக்கு வந்தது. மெட்சுக்கு அருகே சீ-ஷாசெல் சிற்றூரிலுள்ள தம் வீட்டுக்கு அதை எடுத்துச் சென்றார். வார விடுமுறையில் படித்தார், சிந்தித்தார். திரும்பி வந்ததும் பொறுப்பைத் தாமே ஏற்றார். எழுதியவர் மோனே, தலையைக் கொடுத்தவர் ஷூமான். திட்டம் தோற்றால் அரசியல் வாழ்வே முடிந்திருக்கும்.

மே 9 காலை அவருடைய தூதர் பான் நகரில் அடெனாவரைச் சந்தித்தார். ஜெர்மன் தலைவர் இசைந்தார் என்ற செய்தி வந்தது. அன்று மாலையே பாரிசில் ஷூமான் அறிவித்தார்: பிரான்சு, ஜெர்மனி ஆகிய இரு நாடுகளின் கரி, எஃகு உற்பத்தி முழுவதையும் ஒரு பொது அதிகாரக் குழுவின் கீழ் வைப்போம், பிற நாடுகளும் சேரலாம், இனி இவ்விரு நாடுகளுக்கிடையே போர் என்பது நினைத்தாலும் செய்ய முடியாததாக வேண்டும். ஜெர்மனி சரணடைந்து ஐந்தாண்டும் ஒரு நாளுமே ஆகியிருந்தன. அன்று பேசியவர் சொல்வன்மை மிக்கவர் அல்லர். தாழ்ந்த குரல், வறண்ட நடை. ஆனால் சொன்ன பொருள் ஐரோப்பாவையே உலுக்கிற்று.

பிரிட்டன் சேர மறுத்தது. பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் 1951 ஏப்ரல் 18-இல் பாரிசில் ஒப்பந்தம் செய்தன. 1952 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. 1953 பிப்ரவரியில் கரிக்கும் கனிமத்துக்கும், மே மாதத்தில் எஃகுக்கும் பொதுச் சந்தை திறந்தது. சுங்கம் போயிற்று, எல்லையில் புதிதாகத் தொடங்கும் ரயில் கணக்கும் பின்னர் போயிற்று.

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? இது நாம் கேட்க வேண்டிய கேள்வி. ஒன்பது பேர் கொண்ட உயர் அதிகாரக் குழுவில் பெல்ஜியத் தொழிற்சங்கத் தலைவர் பால் பினே இடம் பெற்றார். பின்னாளில் அதன் தலைவரும் ஆனார். ஆலோசனைக் குழுவில் முதலாளிகள் எத்தனை பேரோ அத்தனை பேர் தொழிலாளர். சுரங்கம் மூடினால் மாற்றுத் தொழில் பயிற்சிக்கு உதவ ஒப்பந்தத்திலேயே இடம் வைத்தார்கள். தொழிலாளர் வீடுகளுக்குக் கடன் கொடுத்தார்கள். எல்லாம் நலமாயிற்றா? இல்லை. 1956 ஆகஸ்டு 8-இல் பெல்ஜியத்தின் மார்சினேல் சுரங்கத்தில் தீப்பற்றி 262 பேர் மாண்டனர். அவர்களில் 136 பேர் பிழைப்புத் தேடி வந்த இத்தாலியர். அதன் பிறகே சுரங்கப் பாதுகாப்புக்குப் பொதுக் குழு வந்தது. 1958 முதல் கரிக்குக் கிராக்கி குறைந்து சுரங்கங்கள் மூடத் தொடங்கின. சரக்குக்குக் கதவு திறக்கலாம். தொழிலாளியின் உயிருக்கும் வேலைக்கும் காவல் அவன் சங்கம்தான் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

ஆனாலும் ஒன்று நடந்தது. தகராறு நிறைந்த சார் பகுதியின் மக்கள் 1955-இல் வாக்களித்துத் தம் வழியைக் காட்டினர். 1957 ஜனவரி 1-இல் சார் ஜெர்மனியோடு சேர்ந்தது. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை! அதே 1957-இல் ரோம் ஒப்பந்தம் பொதுச் சந்தையை எல்லாச் சரக்குக்கும் விரித்தது. ஐரோப்பியப் பாராளுமன்ற அவையின் முதல் தலைவராக 1958 முதல் 1960 வரை ஷூமான் இருந்தார். பிறகு நோய் அவரைத் தளர்த்தியது. 1963 செப்டம்பர் 4-இல் சீ-ஷாசெலில் கண்ணை மூடினார்.

அந்த ஊரின் கீழே மோசெல் ஆறு ஓடுகிறது. பிரான்சில் பிறந்து, லக்சம்பர்க்கின் ஓரம் தழுவி, ஜெர்மனிக்குள் செல்லும் ஆறு. மூன்று நாடுகளும் சேர்ந்து செலவிட்டு அதைப் பெருங்கப்பல் செல்லும் வழியாக்கி 1964 மே மாதத்தில் திறந்தன. திறப்பு விழாவைக் காண அவர் இல்லை. அதே ஆற்றின் மேல், மூன்று நாடுகளும் கூடும் ஷெங்கன் ஊரருகே, ஒரு கப்பலில் 1985 ஜூன் 14-இல் ஐந்து நாடுகள் இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1995 மார்ச்சில் எல்லைச் சாவடிகளில் சோதனை நின்றது. காவலைக் கைவிட்டார்களா? இல்லை, சேர்ந்து காத்தார்கள். வெளி எல்லைக்கு ஒரே விதி. தேடப்படுவோர் பட்டியல் எல்லா நாட்டுக் காவலர் கையிலும். நம்பிக்கை இருந்ததால் வாணிபம் பெருகியது. வாணிபம் இருந்ததால் நம்பிக்கை நிலைத்தது.

அது கல்லில் வெட்டியதும் அன்று. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. லக்சம்பர்க் பக்கமும் அதில் அடக்கம். நாள்தோறும் எல்லை தாண்டி வேலைக்குச் செல்லும் தொழிலாளி மீண்டும் வரிசையில் நின்றான். திறந்த கதவு தானாகத் திறந்தே இருக்கும் என்று யாரும் எண்ணிவிடலாகாது. அச்சம் வந்தால் முதலில் மூடுவது அதுதான்.

ஷூமான் மகானும் அல்லர், புரட்சியாளரும் அல்லர். தம் தந்தையின் ஊரில் நான்கு முறை கொடி மாறியதை மறக்காத மனிதர். பகையின் வேர் எங்கே என்று தேடியவர், அது வெறும் வெறுப்பில் மட்டும் இல்லை. கரிக்குழியிலும் உலைக்களத்திலும் சுங்கச் சாவடியிலும் இருக்கிறது என்று கண்டுகொண்டார். அங்கே கை வைத்தார். அவர் தவறியதை நாம் கணக்கில் எழுதுவோம். அவர் செய்ததையும் அதே கணக்கில் எழுதுவோம். 1945-க்குப் பிறகு எவ்ராஞ்சில் பிறந்த எந்தப் பிள்ளையும், மறுகரைப் பிள்ளையைச் சுடுவதற்காகப் படைக்கு அழைக்கப்படவில்லை.