எதிரணியாக மதிக்கப்படும் உரிமை

ஒரு காலத்துச் சென்னைக்குப் பொங்கல் என்றால் கரும்போடு சேப்பாக்கத்துக் கிரிக்கெட்டும் நினைவுக்கு வரும். ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் மோதிய மாகாணப் போட்டி அது. 1908இல் தொடங்கி 1952 வரை நீடித்தது. பின்னாளில் ‘பொங்கல் போட்டி’ என்றே பெயர் பெற்றது. அதற்கு வித்திட்டவர் புச்சி பாபு நாயுடு.

1868இல் பிறந்த அவருடைய இயற்பெயர் வெங்கட மகிபதி நாயுடு. பாரி நிறுவனத்தின் துபாஷியாக விளங்கிய தாத்தாவின் செல்வத்தில், மயிலாப்பூர் லஸ் பகுதி மாளிகையில் வளர்ந்தார். வெள்ளையரோடு பழகுவதில் அவருக்குத் தயக்கம் இருந்ததில்லை. ஆயினும் 1846இல் தோன்றிய சென்னை கிரிக்கெட் கிளப்பில் இந்தியர் உறுப்பினராக இயலாது. சேப்பாக்கத்தில் ஆட வரும் இந்தியர்கள், பெவிலியனுக்குள் நுழைய முடியாமல் மரநிழலில் அமர்ந்து உணவருந்தினர். செல்வத்தால் வாங்க இயலாத ஒன்று இருப்பதை அந்த மரநிழல் அவருக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

அவர் மனுக் கொடுத்துக் காத்திருக்கவில்லை. 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவி, பாரிமுனையை அடுத்த எஸ்பிளனேடு பகுதியில் களம் அமைத்தார். மட்டை, பந்து, காலுறைக் காப்பு எல்லாம் விலை கூடியவை. திறமை இருந்தும் பொருள் இல்லாத இளைஞர்களுக்கு அவரே அவற்றை வழங்கினார்; பயிற்சியும் அளித்தார். பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இதைத் தருமம் என்று நான் சொல்லமாட்டேன், முதலீடு என்பேன். அதன் ஆதாயம் அவருக்கு அன்றி, ஒரு சமூகத்துக்குச் சேர்ந்தது.

இருபது ஆண்டுக்கால உழைப்பின் பயனாக, ஐரோப்பியர் அணியோடு நேருக்குநேர் மோதும் போட்டி 1908 டிசம்பரில் முடிவாயிற்று. ஆனால், அதற்குச் சில நாள்கள் முன்னர், நாற்பது வயதில் புச்சி பாபு மறைந்தார். போட்டி நிற்கவில்லை; அவரில்லாமலே நடந்தது. அவர் பெயரிலான போட்டித் தொடர் அடுத்த ஆண்டு பிறந்தது. மகன் சி.ராமசாமி கிரிக்கெட்டிலும் டென்னிஸிலும் இந்தியாவுக்காக ஆடினார்.

பகைமை வேறு, போட்டி வேறு. எதிரில் நிற்பவனைச் சமமானவன் என்று ஏற்ற பிறகே போட்டி பிறக்கிறது. அந்த ஏற்புக்கு முதலில் நிற்க ஓர் இடம் வேண்டும். எங்கள் முகத்துவாரக்குப்பம் போன்ற கரையோர ஊர்களில் கடல் ஒருபுறமும் ஆலைகள் மறுபுறமும் நெருக்க, பிள்ளைகள் பந்து உதைக்கக் கிடைக்கும் மணல் குறைந்துகொண்டே வருகிறது. வட சென்னையில் திறமைக்குப் பஞ்சமில்லை, திடலுக்குத்தான் பஞ்சம். நகரத் திட்டங்களில் விளையாட்டுத் திடல் மிச்சம் விழும் நிலமாக அல்லாமல், முதலில் ஒதுக்கப்படும் நிலமாக இருக்க வேண்டும். புச்சி பாபு தம் பணத்தில் செய்ததை, இன்று மக்களின் வரிப்பணம் செய்யலாகாதா?