ஆளுநர் எலிகு யேல்: ஈட்டலும் ஈதலும்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைக் கேள்வியுறாத கல்வியாளர் இலர். அப்பெயருக்குரியவர் நம் சென்னையில் இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து, வணிகராகவும் ஆளுநராகவும் விளங்கியவர் என்பதை அறிந்தோர் சிலரே.

எலிகு யேல் கி.பி. 1649-இல் பாஸ்டன் நகரில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் இங்கிலாந்து சென்ற அவர், பின்னர்ப் பிறந்த மண்ணுக்குத் திரும்பவே இல்லை. 1672-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் எழுத்தராகச் சென்னை வந்தார். எழுத்தரின் ஊதியம் ஆண்டுக்குப் பத்துப் பவுன் மட்டுமே. ஆயினும், கும்பினி ஊழியர் தம் பெயரில் தனி வணிகமும் நடத்திவந்த காலம் அது. வைரம் முதலிய சரக்குகளால் யேல் பெருஞ்செல்வரானார்.

1680-இல் கோட்டைக்குள் எழுந்த புனித மேரி ஆலயத்தில் நடைபெற்ற முதல் திருமணம் அவருடையதே. கேத்தரின் ஹின்மர்ஸ் என்னும் கைம்பெண்ணை அவர் மணந்தார். இளம்பருவத்திலேயே மறைந்த அவர்தம் மகன் டேவிட், பிற்காலத்தில் உயர்நீதிமன்ற வளாகமான இடத்தில் அடக்கம் செய்யப்பட்டான். கூடுவாஞ்சேரியில் மின்தொடர்வண்டி ஏறும் நம் மாணவர்கள் கோட்டை நிலையத்தில் இறங்கினால், இவ்வரலாறு நிகழ்ந்த களங்களைக் கண்ணாரக் காணலாம்.

1687-இல் யேல் ஆளுநரானார். அவர் ஆட்சியில்தான் 1688-இல் சென்னை மாநகராட்சி தோன்றியது. 1690-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டது. பீரங்கிக் குண்டு சென்று விழுந்த எல்லைவரை உள்ள ஊர்களும் கும்பினிக்கு உரியனவாயின. அவை குண்டு கிராமங்கள் என வழங்கப்பெற்றன.

இவ்வாழ்வுக்கு இருண்ட பக்கமும் உண்டு. பதவியைத் தன்னலத்துக்குப் பயன்படுத்தினார் என்னும் குற்றச்சாட்டால் 1692-இல் அவர் நீக்கப்பட்டார். அவர் பொறுப்பிலிருந்த காலத்தில் இக்கரையிலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டதையும் கோட்டை ஏடுகள் காட்டுகின்றன.

1699-இல் யேல் இங்கிலாந்து திரும்பினார். அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் 1701-இல் தொடங்கப்பெற்ற சிறு கல்லூரி ஒன்று, கட்டடம் எழுப்பப் பொருளின்றித் தவித்தது. அதன் வேண்டுகோளை ஏற்று, 1718-இல் ஒன்பது பொதிச் சரக்கும், 417 நூல்களும், மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியமும் அனுப்பினார். பொதிகளில் காலிகோ, மஸ்லின் முதலிய துணிகள் இருந்தன. சரக்கு விற்றதில் ஏறத்தாழ 562 பவுன் கிடைத்தது. கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. 1721-இல் அவர் மறைந்தார்.

அவரது செல்வத்தை நோக்க அக்கொடை சிறிதே. கல்விக்கு ஈந்தமையால் அது முந்நூறு ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது. ஆனால், ஈந்த புகழ் ஈட்டிய வழியை மறைத்துவிடவில்லை. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக அப்பல்கலைக்கழகமே 2024-இல் முறைப்படி மன்னிப்புக் கோரியது. கல்விக்கு வழங்க முன்வரும் பெரியோரும், நாளை பொருளீட்டப் புகும் மாணவரும் இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் நலம்.