மெகல்லன் கரையேறிய தீவுகள்



நம் ஆயர் ஈத்தாம் நாற்சந்தியில் அமைந்த ஊர். ஜொகூர் பாரு, கோலாலம்பூர், பத்து பகாட், குளுவாங் என்று நாலா பக்கமும் போகிறவர்கள் இங்கே இறங்கி இளைப்பாறிப் போவதுண்டு. வழிநடையில் தங்க ஓர் இடம் கிடைப்பது எத்துணைப் பெரிய பேறு என்பதையும், அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் மெகல்லன் என்ற மாலுமியின் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

பெர்டினாந்து மெகல்லன் 1480ஆம் ஆண்டு வாக்கில் போர்த்துகல் நாட்டில் பிறந்தவர். 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அந்தப் படையில் இவரும் இருந்தார். மலாக்காவில் என்ரிக் என்ற இளைஞனை அடிமையாக வாங்கினார். பின்னர் தம் மன்னர் ஆதரவு தராமற்போகவே, ஸ்பெயின் நாட்டுக்குப் போனார். மேற்கே போயும் கிழக்கிலுள்ள வாசனைத் திரவியத் தீவுகளை அடையலாம் என்பது அவர் துணிபு. 1519 செப்டம்பர் 20இல் 5 கப்பல்களில், இருநூறுக்கும் அதிகமான ஆட்களுடன் புறப்பட்டார்.

தென் அமெரிக்காவின் கோடியில், இன்றும் அவர் பெயரைத் தாங்கும் நீரிணையைத் தாண்டியபோது மிஞ்சியவை 3 கப்பல்களே. 1520 நவம்பர் 28இல் பசிபிக் மாகடலுக்குள் நுழைந்தார்கள். அப்புறம்தான் பெரும் சோதனை! மூன்று மாதத்துக்கு மேல் புதிய உணவே இல்லை. வழியில் கண்ட 2 தீவுகளிலும் ஆளில்லை. நங்கூரம் போடவும் வசதியில்லை. புழுத்த ரொட்டித் தூளைத் தின்றார்கள். பாய்மரத்தில் சுற்றியிருந்த மாட்டுத்தோலைக் கடல்நீரில் ஊறப்போட்டு, சுட்டுத் தின்றார்கள். எலியைக்கூட விலை கொடுத்து வாங்கினார்கள் என்றால் பாருங்களேன்! ஈறு வீங்கிப் பலர் மாண்டனர்.

1521 மார்ச் 6இல் குவாம் தீவு தென்பட்டது. தீவு மக்கள் கப்பலில் ஏறிக் கைக்குக் கிடைத்ததை எடுத்தார்கள். ஒரு சிறு படகையும் கொண்டுபோனார்கள். சினந்த மெகல்லன் 40 வீரர்களோடு கரையிறங்கி, வீடுகளைக் கொளுத்தி, 7 பேரைக் கொன்று படகை மீட்டார். திருடர் தீவுகள் என்றும் பெயரிட்டார். ஒரு படகுக்கு ஏழு உயிர்! ஆனால் பழிச்சொல் மட்டும் தீவு மக்கள்மேல் நூறாண்டுக்கு மேல் ஒட்டிக்கொண்டது.

பத்து நாள் கழித்துப் பிலிப்பைன்ஸில் ஹோமொன்ஹோன் என்ற ஆளில்லாத் தீவில் எட்டு நாள் தங்கினார்கள். பக்கத்துத் தீவுக்காரர் படகில் வந்தனர். இம்முறை மெகல்லன் சீப்பும் கண்ணாடியும் தொப்பியும் கொடுத்தார். அவர்கள் மீனும் வாழைப்பழமும் தேங்காயும் கொடுத்தார்கள். கூடாரத்தில் கிடந்த நோயாளிகளுக்குத் தினமும் காலையில் தம் கையாலேயே தேங்காய்த் தண்ணீர் கொடுத்தார் அந்தத் தளபதி. அடுத்த லிமசாவா தீவில் என்ரிக் மலாய் மொழியில் பேச, அங்குள்ளவர்களுக்கு விளங்கியது. பாதி உலகைச் சுற்றி வந்தவர்களுக்கு மலாக்காவின் மொழியே கைகொடுத்தது!

அந்த நல்வழியில் நின்றிருக்கலாம். ஆனால் உள்ளூர்த் தலைவர்களின் சச்சரவில் தலையிட்டு, மக்தான் தீவின் லாப்புலாப்புவைப் பணிய வைக்கப் படையோடு போனார். 1521 ஏப்ரல் 27இல் அக்கடற்கரையிலேயே வெட்டுண்டு மாண்டார். 1522 செப்டம்பர் 6இல் எல்கானோ தலைமையில் விக்டோரியா என்ற ஒரே கப்பல் 18 பேரோடு ஸ்பெயின் திரும்பியது. உலகைச் சுற்றிய முதல் கப்பல் அதுவே.

மாணவமணிகளே! மெகல்லனின் துணிவைப் போற்றுவோம். கூடவே இதையும் மறக்கவேண்டாம்: கொடுத்து வாங்கிய தீவில் அவர் ஆட்கள் பிழைத்தார்கள், வாளோடு இறங்கிய தீவில் அவரே உயிர் இழந்தார். விருந்தாளியாகப் போன இடத்தில் விருந்தாளியாக இருப்பதே அறிவுடைமை.