வாயில்லா உயிர்களுக்காக வாதாடிய அம்மையார்

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும், கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கிய மனுநீதிச் சோழனையும் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிடுகிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம். ஆயினும் அம்மன்னர்களின் அருளைக் குடியரசின் சட்டமாக்கப் பாடுபட்ட ஒரு பெண்மணியை நம்மில் பலர் நாட்டியக் கலைஞராக மட்டுமே அறிவோம். அவர்தாம் திருமதி ருக்மிணி தேவி அருண்டேல்.

1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொறியாளர்; பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். அதனால் அடையாற்றின் ஆலமர நிழல் அம்மையாருக்கு இளமையிலேயே பழக்கமாயிற்று. 1920-இல், தம் பதினாறாம் வயதில், ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். ஊரே எதிர்த்தது. 1935-இல் அடையாற்றில் பரதம் ஆடினார். குடும்பப் பெண்களுக்கு ஆகாதது என்று அக்காலத்தில் ஒதுக்கப்பட்டிருந்த கலை அது. மீண்டும் ஊர் முணுமுணுத்தது. அவரோ அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கிவிட்டார். பிறர் ஏளனத்துக்கு அஞ்சாத இந்த உள்ளந்தான் பின்னாளில் நாய்க்கும் மாட்டுக்கும் கழுதைக்குமாக நாடாளுமன்றத்தில் எழுந்து நிற்கவும் துணை செய்தது.

1952-இல் மாநிலங்களவை முதன்முதலாக அமைந்தபோது அம்மையார் நியமன உறுப்பினரானார். அப்பதவியைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. கலைஞர் என்ற முறையில் சென்றவர் கலையைப் பற்றிப் பேசுவார் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பர். ஆனால் அவர் கையில் எடுத்தது, விலங்குகளைக் கொடுமையினின்று காக்கும் தனிநபர் மசோதா! அந்நாளில் நடைமுறையில் இருந்தது 1890-இல் வெள்ளையர் ஆட்சியில் இயற்றப்பட்ட பழைய சட்டம். உணவுக்கும் வேலைக்கும் வழியின்றி மக்கள் தவித்த புதுக் குடியரசில், விலங்குகளின் துயரைப் பேசுவதற்கே தனித் துணிவு வேண்டும்.

அவையில் விவாதம் நடந்தது. பிரதமர் நேரு மசோதாவின் நோக்கத்தைப் பாராட்டினார். அரசே இன்னும் விரிவான சட்டத்தைக் கொண்டுவரும் என உறுதியளித்து, மசோதாவைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொண்டார். அம்மையாரும் இசைந்தார். இது தோல்வியா, வெற்றியா? வாக்கெடுப்பில் தோற்று வீரப் பெயர் எடுத்திருக்கலாம். அவர் காத்திருப்பதையே தேர்ந்தெடுத்தார். காத்திருந்த ஆண்டுகள் வீண்போகவில்லை. 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது.

அச்சட்டம் சொல்வதென்ன? விலங்கை அடிப்பதும், சக்திக்கு மீறிப் பாரம் ஏற்றுவதும், பட்டினி போடுவதும் குற்றம். பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் அதைக் கைவிட்டுச் செல்வதும் குற்றம். நோயுற்ற விலங்கைத் தக்க காரணமின்றித் தெருவில் சாகவிடும் உரிமையாளரும் குற்றவாளியே. இன்னொன்றும் கூர்ந்து நோக்கத்தக்கது. விலங்கின் நலம் பேணும் கடமையை, அதை விலைகொடுத்து வாங்கியவர்மீது மட்டும் சட்டம் சுமத்தவில்லை. யாருடைய பொறுப்பில் அது இருக்கிறதோ அவர்மீதும் சுமத்துகிறது. வழிதவறி வந்த நாய்க்குட்டியை நாம் வீட்டுக்குள் எடுத்துவந்த நொடியிலிருந்தே அக்கடமை நமக்கும் உண்டு என்பதாகும்.

சட்டத்தில் குறையே இல்லையெனச் சொல்வதற்கில்லை. சமயச் சடங்குக்காக விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்று அதிலேயே விலக்கு இருக்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரைதான். அன்று அது ஒரு தொகை. இன்று தேநீர்க் கடையில் நாலு நண்பர்கள் செலவிடும் காசு. அச்சத்தால் மட்டும் இச்சட்டம் வாழாது. மனிதரின் மனச்சான்றால்தான் வாழ முடியும்.

சட்டத்தின் வழியே 1962-இல் இந்திய விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைந்தது. அம்மையாரே முதல் தலைவர். அந்நாளில் சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்தது. கொல்வதால் நாய்கள் குறையவில்லை. காலியான இடத்துக்கு வேறு நாய்கள் வந்து சேர்ந்தன. கேப்டன் சுந்தரம் தோற்றுவித்த புளூ கிராஸ் அமைப்பினர் கருத்தடையும் தடுப்பூசியுமே வழியென்று நெடுங்காலம் வற்புறுத்தினர். 1996-இல்தான் சென்னை அதற்கு இசைந்தது. 2001-இல் அம்முறை, 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நாடு முழுமைக்கும் விதியாயிற்று. சிகிச்சை பெற்ற நாயின் காதில் அடையாளம் இட்டுப் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடவேண்டும் என்பது அதன் சாரம். 2025-இல் உச்சநீதிமன்றம் இவ்வழக்கை ஆராய்ந்து, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடிபடும் நாய்களை அங்கேயே திரும்ப விடலாகாது என்றது. வெறிநாய்க்கடியால் குழந்தையை இழந்த தாயின் கண்ணீரும் உண்மை. கல்லடிபட்டு நொண்டும் நாயின் வலியும் உண்மை. இரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பதே அறிவுடைமை.

நம் கடற்கரைக்கு வருவோம். தங்கச்சிமடத்தில் கரைக்கு வரும் மீன்களில் சிதறியதைத் தின்று வாழும் நாய்கள் எத்தனை! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீனவர் வீட்டில் அடுப்பெரிவதே அரிதாகும் அந்நாட்களில் கரைநாயின் பசியை யார் நினைப்பார்? இராமேசுவரம் செல்லும் சாலையில் விரையும் யாத்திரை வாகனங்களில் அடிபடும் ஆடும் நாயும் வேறு. கழுத்துப்பட்டையோடு ஒரு நாய் அச்சாலையில் திகைத்து நின்றால், அதைத் தேடி ஒரு வீடே அழுதுகொண்டிருக்கலாம். நிழலில் கட்டி, தண்ணீர் வைத்து, கடைகளிலும் கோயில் தெருக்களிலும் விசாரித்தால் அது வீடு சேரும். இதற்குப் பெரும் பொருள் வேண்டுமா? ஒரு மாலைப்பொழுது போதும்.

1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு அம்மையாரை நிறுத்த விரும்பியபோது அவர் மறுத்துவிட்டார். நாட்டின் மிக உயர்ந்த பதவி அவரைக் கவரவில்லை. 1986 பிப்ரவரி 24 அன்று சென்னையில் மறைந்தார். நான்காண்டுக்கு ஒருமுறையே வரும் பிறந்தநாள் அவருக்கு. ஆனால் அவர் ஆற்றிய பணிக்கோ நாள்தோறும் தேவையிருக்கிறது.

மாணவ நண்பர்களே! அவருக்குச் சிலை எடுக்க நம்மால் ஆகாது. வரும் மீன்பிடித் தடைக்காலத்தில் வாசலில் ஒரு சட்டி தண்ணீரும் ஒரு கைப்பிடிச் சோறும் வைக்க நம்மால் ஆகும். நம் தெரு நாய்களுக்குத் தடுப்பூசி போடும்படி ஊராட்சியில் மனுக் கொடுக்கவும் ஆகும். அவற்றைச் செய்வோம்!